அன்இன்ஸ்டால் செய்தும் கணினியை விட்டுப் போகாத ஆன்டிவைரஸ் குறித்துப் புகார்

அனுப்புநர்
கணினிப் பராமரிப்புப் பொறுப்பாளர்,
தணிக்கையாளர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அன்இன்ஸ்டாலர் விட்டுச்செல்லும் சர்வீஸ், டிரைவர், ரூட் சான்றிதழ் – நீக்கும் கருவி கோருதல்.

ஐயா / அம்மையீர்,

ஓராண்டு உரிமம் முடிந்ததால் எங்கள் 11 கணினிகளிலிருந்தும் உங்கள் ஆன்டிவைரஸை எடுத்தோம். எல்லாமே விண்டோஸ் 11. செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாகவே எடுத்தோம். கேட்டபோது ரீஸ்டார்ட்டும் கொடுத்தோம். 'முழுமையாக நீக்கப்பட்டது' என்றது உங்கள் திரை. போனது டெஸ்க்டாப் ஐகானும் புரோகிராம் ஃபைல்ஸில் பாதியும்தான்.

புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் கிடக்கும் 2.7 ஜிபி லாக் ஃபைல்கள், குவாரன்டைனில் தனிமைப்படுத்திய ஃபைல்கள் பற்றி எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. இடத்தை அடைக்கும், அழித்துக்கொள்வோம். சிக்கல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மிச்சத்தில். பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் 'ரன்னிங்' என்றே நிற்கிறது. எந்த ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருக்கிறது என்று கவனிக்கும் விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரிடம் அது தன்னை ஆன்டிவைரஸாகக் காட்டிக்கொண்டே இருப்பதால், விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கிவிடுகிறது. வைரஸ்களை அடையாளம் காட்டும் டெஃபனிஷன்களையோ உங்கள் அன்இன்ஸ்டாலரே துடைத்துவிட்டது. பழைய காவலாளி தூங்குகிறார், புதியவரை உள்ளே விடவும் மாட்டேன் என்கிறார்.

அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் சர்வீஸை நீக்கும் 'எஸ்சி டெலிட்' கட்டளை கொடுத்தால் பிழை 5, அனுமதி மறுப்பு. வைரஸ் வந்து சர்வீஸை நிறுத்திவிடக் கூடாதென்று நீங்கள் போட்ட தற்காப்புப் பூட்டு இது. பூட்டு நியாயமானதே, காலி செய்யும்போது அதை முதலில் திறக்க வேண்டியது உங்கள் அன்இன்ஸ்டாலரின் வேலை. அது திறக்காமலே ஃபைல்களில் கை வைப்பதுதான் இத்தனைக்கும் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

உங்கள் உதவி மையம் சொன்ன வழி அதைவிட மோசம்: சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) போய் மிச்ச ஃபைல்களை டெலிட் செய்து, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதியும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் ஏதாவது ஒரு கிளீனரை ஓட்டச் சொன்னார்கள். அப்படிச் செய்த ஒரு கணினியில் இணையம் போனது. கேபிள் சரி, ரவுட்டர் சரி. நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், ஐபிவி4 (இணைய நெறிமுறை) வரிக்குச் சற்று மேலே, இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் உங்கள் ஃபில்டர் டிரைவரின் பெயர், டிக் குறியோடு. சிஸ்டம்32-இன் டிரைவர்ஸ் ஃபோல்டரில் அதன் ஃபைல் இல்லை. ரெஜிஸ்ட்ரியிலோ அது கட்டாய ஃபில்டராக, அதாவது ஃபில்டர்ரன்டைப் மதிப்பு 1 ஆகப் பதிந்திருக்கிறது. கட்டாய ஃபில்டர் ஏறாவிட்டால் அடாப்டரோடு ஐபி இணையாது. அந்த வரியைத் தேர்ந்து அங்கேயே அன்இன்ஸ்டால் அழுத்தி, ரீஸ்டார்ட் செய்த பிறகே இணையம் வந்தது. முதலில் இணைப்பை அவிழ்த்து, பிறகுதான் டிரைவர் ஃபைலை எடுக்க வேண்டும் என்ற வரிசை உங்கள் உதவி மையத்துக்குத் தெரியாதா? ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று சத்தமில்லாத ஆபத்து. எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட) பக்கங்களைச் சோதிக்க நீங்கள் சேர்த்த ரூட் சான்றிதழ், அதாவது தளங்கள் அசலா என்று பார்க்க பிரௌசர் நம்பும் மூலச் சான்றிதழ், 11 கணினிகளிலும் அப்படியே இருந்தது. அதன் தனிச் சாவி யார் கையில் சிக்கினாலும் போலி வங்கித் தளத்தைக்கூட அசல் என்று பிரௌசரை நம்பவைக்கலாம். 'செர்ட்எல்எம்' என்ற விண்டோஸ் சான்றிதழ் மேலாண்மைத் திரை வழியாக நாங்களே நீக்கினோம். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று சான்றிதழ் பட்டியல் வைத்திருப்பதால் அங்கே தனியாக ஒருமுறை.

மூன்று பயனர் கணக்குகள் உள்ள கணினியில், அன்இன்ஸ்டால் செய்தவரின் ஆப்டேட்டா (பயனருக்குரிய தரவு ஃபோல்டர்) மட்டும் சுத்தமானது. மற்ற இருவருடையது அப்படியே கிடக்கிறது.

எங்கள் கோரிக்கை: உங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு, சேஃப் மோடில் ஓடும் நீக்கும் கருவி ஒன்று தர வேண்டும். அது தற்காப்பை அணைத்து, நெட்வொர்க் ஃபில்டரை அவிழ்த்து, சர்வீஸையும் டிரைவரையும் எடுத்து, செக்யூரிட்டி சென்டர் பதிவையும் சான்றிதழையும் நீக்க வேண்டும். எல்லாப் பயனர்களின் ஃபோல்டர்களையும் தொட வேண்டும். விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியான எம்எஸ்ஐ அன்இன்ஸ்டால் சேஃப் மோடில் இயல்பாக ஓடாது என்பதால், பழைய அன்இன்ஸ்டாலரையே வேறு பெயரில் அனுப்ப வேண்டாம்.

15 நாட்களுக்குள் கருவியோ எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பொறுப்பாளர்

இணைப்பு: சர்வீஸ் பட்டியல், அடாப்டர் பிராப்பர்ட்டீஸ், சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்கள், உதவி மையத்தின் மின்னஞ்சல் நகல்.