டாக்டர் கென் எங்க இருக்காரு?

மச்சான்,

பசியாறிட்டியா? உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடாததுக்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம், மீதிப் பாதி என் இடது முட்டி. தைப்பூசத்துக்குத் தண்ணிமலை படி ஏறினதுலேர்ந்தே சரியில்ல, பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா பாதியில நின்னுக்கோன்னு, நான் கேக்கல, சரி அத விடு. போன வாரம் வலி தாங்காம நம்ம பழைய சீன டாக்டர்கிட்டப் போனேன், ஞாபகம் இருக்கா, நீ பினாங்குல இருந்தப்போ உன் பையனுக்கு அம்மை வந்தப்ப கூட்டிட்டுப் போனோமே அவருதான். இப்போ வயசு எண்பதுகிட்ட ஆவுது, காலையில மட்டும் கிளினிக் திறக்கிறாரு.

கால மடக்குனாரு, நீட்டுனாரு, எக்ஸ்ரேய வெளிச்சத்துல பிடிச்சு அஞ்சு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டு இங்கிலீஷ்ல சொல்றாரு, வலி முட்டியிலேர்ந்து வருதா, இடுப்புலேர்ந்து எறங்குதான்னு தெரியல, "திஸ் இஸ் பியோண்ட் மை கென்". நான் தலைய ஆட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன் லா. பியோண்ட்னா தாண்டி, அது தெரியும். கென்னுங்கறது யாரோ ஒரு டாக்டர் பேருன்னு எடுத்துக்கிட்டேன், இவர் கிளினிக்கத் தாண்டி கொஞ்ச தூரத்துல இருப்பாரு போலன்னு. கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் புள்ளகிட்ட "டாக்டர் கென் டி மானா?"ன்னு கேக்குறேன். அது பாவம் கம்ப்யூட்டர்ல தேடுது, போன்ல தேடுது, "டாக்டர் கென் தா அடா, அங்கள்"ங்குது. பின்னாடி உக்காந்திருந்த ஒரு ஆன்ட்டி வேற ஜெலுத்தோங்ல ஒரு பல் டாக்டர் கென் இருக்காருன்னு வழி சொல்ல ஆரம்பிச்சிருச்சு.

உள்ள இருந்த டாக்டருக்குச் சத்தம் கேட்டு வெளிய வந்தாரு. சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. திரும்ப உள்ள கூட்டிட்டுப் போயி மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் காட்டுனாரு. மூணே எழுத்து, கே, ஈ, என். பழைய காலத்து வார்த்தையாம், நமக்குத் தெரிஞ்சதோட எல்லை, அறிவு எட்டுற தூரம். அவரு எடின்பரோல படிச்சவரு, அங்க ஸ்காட்லாந்துக்காரங்க இன்னிக்கும் தெரியும்ங்கறதுக்கு கென்னுன்னுதான் சொல்வாங்களாம், தெரியாதுன்னா "ஐ டின்னா கென்". மத்த இங்கிலீஷ்காரங்க அந்த வார்த்தைய மறந்துட்டாங்க, எனக்கு எட்டலன்னு கையை விரிக்கிறப்ப மட்டும் எடுத்துக்குவாங்க. நம்ம ஊர்ல லேசுப்பட்டவன்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, யாராவது எவனையாவது "அவன் லேசுப்பட்டவன்"னு சொல்லிக் கேட்டிருக்கியா? "லேசுப்பட்டவன் இல்ல"ன்னு சொல்லத்தான் அது உசுரோட இருக்கு. அதே கதைதான் இதுவும்.

வீட்டுக்கு வந்தும் விடல, மக டேப்லெட்ட வாங்கி ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதையே நோண்டிக்கிட்டு இருந்தேன். மச்சான், ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், உன்னத் தெரியும் எனக்கு, கண்ணுலேர்ந்துதான் கென் வந்துச்சுன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாத. மலாய்ல கெனால்னா பழக்கம், அறிமுகம், அதுவும் இதுவும் கூட சும்மா தற்செயலா ஒண்ணு போல இருக்கு, அவ்ளோதான். உண்மையான சொந்தம் வேற எடத்துல இருக்கு. இங்கிலீஷ்ல நோ, கேன், கன்னிங், ஜெர்மன்ல கென்னன், இதெல்லாம் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்துல சமஸ்கிருதத்து ஞானமும் ஒண்ணு. நாம கோயில்ல ஞானம் ஞானம்னு கும்புடுறதும் டாக்டர் எனக்கு எட்டலன்னு சொன்னதும் ஒரே வேர்லேர்ந்து மொளைச்சதுதான்.

ஆனா என்னத் தூங்க விடாதது அது இல்ல. கப்பல்காரங்க கென்னிங்னு ஒரு தூரம் வச்சிருந்தாங்களாம் அந்தக் காலத்துல, கடல்லேர்ந்து பாத்தா கரை கண்ணுக்குத் தெரியிற தூரம், சுமாரா 20 மைல். நான் ஷிப்பிங் ஆபிஸ்ல 34 வருஷம் கப்பல் பேப்பரப் பாத்தே காலத்தத் தள்ளுனவன், ஒரு நாளும் இத யாரும் சொன்னதில்ல.

மறுநாள் வெள்ளன மோட்டோவ எடுத்துக்கிட்டு கடலோரத்துல இருக்கிற பாடாங் கோத்தாவுக்குப் போயி சுவரு மேல உக்காந்தேன், முட்டி வலியோடதான். வானம் சுத்தமா இருந்துச்சு. வடக்கால பாத்தா நம்ம ஜெராய் மலை நீலமா நிக்குது. அங்கேர்ந்து ஒரு 40 கிலோமீட்டர் இருக்கும், ஒரு கென்னிங்குக்குக் கொஞ்சம் கூட. நாம பொறந்து வளந்த தோட்டம் அந்த மலை அடிவாரத்துலதான, நாம அத எப்பவாவது இந்தப் பக்கத்துலேர்ந்து நெனச்சுப் பாத்திருக்கமா? நம்ம வாத்தியார் சொல்வாரே, கடாரத்துக்கு, அதான் நம்ம கெடாவுக்கு, வந்த கப்பல்காரனுக்கு இந்த மலைதான் அடையாளம்னு, 1025-ல ராஜேந்திர சோழன் படை வந்ததுன்னு. நமக்கு அது பரீட்சைக்கு வர்ற வருஷம், அவ்ளோதான். 1217 மீட்டர் மலை. கணக்குப் போட்டுப் பாத்தேன், வானம் தெளிவா இருந்தா அதோட உச்சி 120 கிலோமீட்டர் தள்ளி வர்றவன் கண்ணுக்கும் தெரியணும். ஆனா கரையில நிக்கிற ஆளுக்கு, நம்ம உசரத்துக்கு, கடல் தெரியிறது வெறும் 4, 5 கிலோமீட்டர். பினாங்கு கொடிமலை மேல ஏறுனா 100 கிலோமீட்டர் தாண்டும். அதே கண்ணுதான், நிக்கிற எடம் வேற. அப்புறம் சுமத்ரா புகை மூட்டம் வந்துச்சுன்னா எங்க நின்னாலும் எதிர்க்க இருக்கிற பட்டர்வொர்த்தே தெரியாது, அதையும் சொல்லணும்ல.

இன்னொண்ணு, இது உனக்குப் பிடிக்கும். கீட்ஸ்னு இங்கிலீஷ் கவிஞர், 1816-ல எழுதுன ஒரு பாட்டுல இந்த கென் வருது, வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறவன் கண் எல்லைக்குள்ள புதுசா ஒரு கிரகம் நீந்தி வர்ற மாதிரி இருந்துச்சாம் அவருக்கு ஹோமரை மொழிபெயர்ப்புல படிச்சப்போ, கிரேக்கம் தெரியாது பாவம். அப்போ அவருக்கு வயசு இருபதுதான். அதே பாட்டுல பனாமா மலையில நின்னு பசிபிக்கப் பாத்தவன் கோர்ட்டெஸ்னு எழுதி வச்சிருக்காரு. அப்பிடிப் பாத்தது பால்போவா, 1513-ல. கென்னப் பத்திப் பாடுற பாட்டுலயே கென்னுக்கு வெளிய போயி விழுந்துட்டாரு மனுசன். எனக்கு அவர ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அப்பாவ நெனச்சுக்கிட்டேன் மச்சான். ஆறாம் வகுப்புல நான் கணக்கு நோட்ட எடுத்துட்டுப் போனா ரப்பர் பால்வாளியக் கழுவிக்கிட்டே "அது நமக்கு எட்டாதுப்பா, வாத்தியாரக் கேளு"ம்பாரு. கூட்டாளிங்க முன்னாடி எனக்கு அவ்ளோ வெக்கமா இருக்கும், உன் முன்னாடியும்தான். ஆனா எந்த மரத்துல பால் வத்தப் போவுது, எந்த மரத்துக்கு ஓய்வு குடுக்கணும்னு கேட்டா பட்டையத் தொட்டே சொல்வாரு, அதுக்கு யாரையும் கேக்க மாட்டாரு. எட்டுறது எது எட்டாதது எதுன்னு கோடு போட்ட மாதிரி வச்சிருந்தாரு. டாக்டர் கண்ணாடியக் கழட்டிட்டுச் சொன்னப்போ கிட்டத்தட்ட அதே மொகம். இவ்ளோ வருஷம் அவருகிட்டப் போயிருக்கேன், அன்னிக்குத்தான் அவரு மேல முழு நம்பிக்கை வந்துச்சுன்னு சொன்னா நீ சிரிப்ப.

சரி, உன் விசயத்துக்கு வர்றேன். செந்தூல் வீட்ட வித்துட்டு மகன்கூட மெல்பர்ன் போயிடலாமான்னு கேட்டிருந்த. நான் ரெண்டு பக்கம் அட்வைஸ் எழுதிட்டேன், தெரியுமா, வெளிநாடு, குளிரு, விசா, வீட்டு விலை எல்லாம் பத்தி, எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி. டாக்டரப் பாத்துட்டு வந்து கிழிச்சுப் போட்டுட்டேன். விசாவும் விலையும் எனக்கு எட்டாத விசயம், அத அங்க போனவனக் கேளு. எனக்கு எட்டுறது ஒண்ணு இருக்கு. மக வீட்டுல, கோலாலம்பூர்ல, மூணு மாசம் இருந்து பாத்தவன் நான். பேத்திய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தா காலையில எட்டு மணி. அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் வீட்டுல யாரும் இல்ல, கீழ எறங்கினா ஒரு ஒட்டுக்கடை கூட இல்ல, கோப்பி ஓ குடிச்சுக்கிட்டு வாய் பேச ஆள் இல்ல. அந்த எட்டு மணிய நீயும் தங்கச்சியும் எப்பிடி ஓட்டுவீங்கன்னு மட்டும் யோசி. வீட்ட விக்காம ஒரு மூணு மாசம் சும்மா போயி இருந்து பாரேன்.

ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்க வர்ற வியாழக்கிழமை எழுதிக் குடுத்திருக்காரு. அவரு பேரு கென் இல்ல, நான் சீட்டுல ரெண்டு தடவ பாத்துட்டேன். என்ன சொல்றாங்கன்னு எழுதுறேன். நீ மெல்பர்ன் போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி இங்க வந்துட்டுப் போ, காலையில பாடாங் கோத்தாவுல உக்காந்து ஜெராயப் பாப்போம், வானம் சுத்தமா இருந்தா.

தங்கச்சியக் கேட்டதாச் சொல்லு.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி
பினாங்குலேர்ந்து