கோழிக்குச் சொட்டு மருந்து போட்ட எல்லாருக்கும் நன்றி

பர்மாவின் பெகு வட்டாரத்தில் கோழி வளர்க்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் சார்பில் இதை எழுதுகிறேன்.

கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய் என்றால் இங்கே எல்லாருக்கும் பயம்தான். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்து கிடக்கும். ஒரு வீட்டில் வந்தால் தெருவையே துடைத்துவிடும். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதும் முனீஸ்வரனுக்குப் படைப்பதும் இந்தக் கோழிகளை நம்பித்தான். இந்த வருஷம் பக்கத்து ஊர்களில் விழுந்தும் எங்கள் கோழிகள் தப்பின.

முதல் நன்றி கால்நடைத் துறை சயாவுக்கு (பர்மிய மொழியில் ஐயா, வாத்தியார் என்று மரியாதையாகக் கூப்பிடுவது). இது வைரஸ், வந்தபிறகு எந்த மாத்திரையும் கேட்காது, நன்றாக இருக்கும்போதே மருந்து போடவேண்டும் என்று வீடுவீடாக வந்து சொன்னார். தட்டம்மையும் பொன்னுக்குவீங்கியும் இதே வைரஸ் குடும்பம்தான் என்று அவர் விளக்கியதும், பிள்ளைக்கு ஊசி போட்ட தாய்மார்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அப்புறம், விடியுமுன் வந்த அண்ணன்மாருக்கு. கோழியை வெளியே விட்டால் பிடிக்க முடியாது அல்லவா! ஒருவர் தலையைச் சாய்த்துப் பிடிப்பார், இன்னொருவர் ஒரு கண்ணில் ஒரே சொட்டு விடுவார். அது கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே இறங்கும்வரை கையை எடுக்கவே மாட்டார்கள். அந்தப் பொறுமைக்கே தனியாகக் கும்பிடு போடலாம்.

ஐஸ்பெட்டியும் பிரிட்ஜில் இடமும் கொடுத்த பர்மியப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நன்றி. கரண்டு போய்ப்போய் வரும் ஊரில் சாதாரண மருந்து கெட்டுவிடும். சூட்டைக் கொஞ்சம் தாங்கும் ஐ-2 மருந்தை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்பிரோ குழுவினர் கிராமத்துக் கோழிகளை மனதில் வைத்தே உருவாக்கினார்கள். அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

சொட்டு தெறித்து ஓர் அண்ணனுக்குக் கண் சிவந்தது. கோழி வைரஸ் மனிதருக்குப் பெரும்பாலும் கண்வலியோடு நின்றுவிடும், தானே ஆறும், கசக்கவேண்டாம் என்று தைரியம் சொல்லி, மறுநாள் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் சயாமாவை (டாக்டரம்மாவை) மறக்கமாட்டோம்.

ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் காக்காது, நாலு மாதத்துக்கு ஒருமுறை போடவேண்டும். அடுத்த சுற்றுக்கு எல்லாரும் முதல் நாள் ராத்திரியே கோழிகளை அடைத்து வையுங்கள். புதிதாகப் பொரித்த குஞ்சுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களுக்குக் காப்பி எங்கள் வீட்டில்.