செயலாளரின் ஆண்டறிக்கை 2025: பெட்டியைத் திறக்க முதல் கேபிளைப் பாருங்கள்

தலைவர் அவர்களுக்கும் பொருளாளருக்கும், வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. ஆனால் எங்கள் அமெச்சூர் வானொலிச் சங்கத்தை இந்த வருடம் உயிரோடு வைத்திருந்தது ஞாயிறு பின்னேரங்களில் போட்ட பழுதுபார்க்கும் மேசைதான். "செற் வேலை செய்யவில்லை" என்று கொண்டுவந்த, பேசவும் கேட்கவும் பாவிக்கிற வானொலிப் பெட்டிகளில் அரைவாசிக்கு மேல் உள்ளே ஒரு பிழையும் இல்லை. பிழை கேபிளில், கொனெக்ரரில், அல்லது 13.8 வோல்ற் தரவேண்டிய பவர் சப்ளையில். இதை நாங்கள் எல்லோரும் மனதில் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் நல்ல செற்றைத் திறந்து கெடுத்த கதையும் இந்த வருடம் நடந்தது.

பருத்தித்துறையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற எங்கள் உறுப்பினர் ஒருவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு மீற்றர் அலைவரிசையில் அவரை ஒருவருக்கும் கேட்கவில்லை. "எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டுது, அன்ரனா வடிவா இருக்கு, செற்றிலதான் பிழை" என்று புதுச் செற்றுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1க்குக் கிட்ட இருந்தால் நல்லது. செற்றை 50 ஓம் டம்மி லோட்டில், அதாவது அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் தடையில், போட்டுப் பார்த்தோம், முழு 50 வாற்றும் வந்தது. பிறகு பெடியன் ஒருவன் கூரையில் ஏறி அன்ரனாவைக் கழற்றிவிட்டான். கேபிளின் மேல்முனை வெறுமனே தொங்குகிறது, மீற்றர் முள் எகிற வேண்டும், ஆனால் 1.5ஐத் தாண்டவில்லை. கேபிளுக்குள்ளேயே சக்தி கரைந்துபோனால் திரும்பி வருவதற்கு ஒன்றும் மிஞ்சாது. திரும்பி வராததை மீற்றர் நல்லது என்று காட்டும். கேபிளை வெட்டினோம். மேல்தோல் புதுசு மாதிரி, உள்ளே செப்புப் பின்னல் கறுத்துப் பச்சை பூத்து விரலால் தேய்க்கப் பொடியாக உதிர்ந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்த பெடியன் "உப்பு" என்றான். மேலே கொனெக்ரரில் சாதாரண இன்சுலேஷன் ரேப் மட்டும்தான் சுற்றியிருந்தது, எங்கள் வெயிலுக்கு அது ஒரு வருடம்கூடத் தாங்காது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றுங்கள், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் வழிந்து விழ ஒரு வளைவு விடுங்கள்.

கூடுதல் வாற்றுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே பதில்தான். 25 வாற்றை 50 ஆக்கினால் எதிர்முனைச் செற்றில் சிக்னல் பலத்தைக் காட்டும் முள் அரை எஸ் அலகுதான் ஏறும். ஆனால் இரண்டு மீற்றர் அலைவரிசையில், அதாவது 145 மெகாஹேர்ட்ஸில், 30 மீற்றர் நீளமான மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் கிட்டத்தட்ட முக்கால்வாசிச் சக்தியைத் தின்றுவிடும், தடித்த ஆர்ஜி-213 போட்டால் பாதியாவது மேலே போய்ச் சேரும். அந்த நல்ல கேபிள் கேட்பதற்கும் உதவுகிறது, வாற்றைக் கூட்டும் பெருக்கிப் பெட்டி அதைச் செய்யாது. அன்ரனாவையும் கேபிளையும் அளந்து பார்க்கச் சங்கத்துக்கு வாங்கிய நனோ வி.என்.ஏ. கைக்கருவியை முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஜேர்மனியிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று பொதுமக்கள் பேசுவதற்கான அலைவரிசையில் ஓடும் ஒரு பழைய சிபி செற் வந்தது, 27 மெகாஹேர்ட்ஸ், 40 சனல், 4 வாற். யாரோ பற்றறியின் பிளஸ், மைனஸை மாறிக் கொடுத்திருக்கிறார்கள், பியூஸ் போயிருக்கிறது, பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நின்ற சின்ன டையோட்டும் அதோடு செப்புப் பாதையும் எரிந்துபோயின. டையோட்டையும், வீங்கிப்போன மின்தேக்கிகளையும் மாற்றினோம், பேச்சு வந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தச் செற்றிலும் பேசக்கூடாது என்பதால், அதை அனுமதி உள்ள உறுப்பினருக்காகப் பத்து மீற்றர் அலைவரிசைக்கு, அதாவது 28 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினோம். எல்லாச் சிபி செற்றும் இதற்கு இசையாது, சுற்றைப் பார்த்துத்தான் சொல்லலாம். அன்ரனா அலைநீளத்தின் முழுக் கால்பங்கு நீளத்தில் இருந்தால் கம்பியில் நாலைந்து அங்குலம் வெட்டினால் போதும்.

இரைச்சல் முறைப்பாடுகள் கூடிவிட்டன. மெயின் சுவிச்சை நிறுத்தி, செற்றைப் பற்றறியில் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்: எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், சூரிய மின் இன்வேட்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும், பிறகு அதன் வயரில் இரைச்சலைத் தடுக்கும் பெரைற் வளையம் மாட்டலாம்.

பற்றறி என்றதும் எங்கள் மூத்த உறுப்பினர் ஐயா சொன்னது நினைவுக்கு வருகிறது. மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை என்றிருந்த யுத்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மகன் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்டார்களாம். வேகம் குறைந்தால் செய்தியும் குறையும். 2004 சுனாமியில் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தகவல் அனுப்பியவர்கள் எங்களைப் போன்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள்தான். இந்த நவம்பரில் டித்வா புயலில் நாட்டின் பல இடங்களில் தொலைபேசி அறுந்ததைக் கண்டோம். அந்த நாட்களில் எங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேரின் செற் மின்சாரம் இல்லாமல் ஒரு நாள் ஓடியிருக்கும்? மிகச் சிலரது. இது எனக்கு உண்மையாகவே கவலை. வருகிற வருடம் ஒவ்வொருவரும் ஒரு 12 வோல்ற் பற்றறியும் ஒரு சிறிய சூரியத் தகடும் வைத்திருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு தொடரும். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறி இன்னும் சில வீடுகளில் ஒலிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவர்கள் செற்றோடு கேபிளையும் கழற்றிக் கொண்டுவாருங்கள். ஏணி சங்கத்தில் இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் என்னிடம் முதலே சொல்லிவிடுங்கள்.