கிணற்றை மூடிய இடத்தில் பூங்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் போடப்பட்டிருக்கும் ஒரு மனைப்பிரிவின் விளம்பரத்தைப் பார்த்தேன். பரம்பரை விவசாய பூமி, ரசாயனம் அறியாத மண், வற்றாத நிலத்தடி நீர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணுக்கு ரசாயனத்தை அறிமுகம் செய்து வைத்தவனே நான்தான்.

1976 முதல் 2011 வரை வேளாண்மைத் துறையில் களப்பணியாளனாக இருந்தேன். பெரும்பகுதி தொண்டாமுத்தூர் வட்டாரத்திலேயே கழிந்தது. விளம்பரத்தில் இருந்த நான்கு ஏக்கர், என் தங்கையை மணந்த மாப்பிள்ளையின் தோட்டம். 1984இல் அங்கே பன்னீர் திராட்சை வைக்கச் சொல்லிப் பந்தல்கால் நட்ட நாளில் நானும் நின்றிருந்தேன். 2006இல் கூலிக்கு ஆள் கிடைக்காமல் கொடியை வெட்டிவிட்டார்கள். அதன்பின் கொஞ்ச காலம் மக்காச்சோளம், பிறகு சும்மா கிடந்தது. 2022இல் கைமாறியது. விற்றதில் எனக்கு வருத்தமில்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த குடும்பம் அது.

திராட்சை வைத்தவர்களுக்கு அடிச்சாம்பல் நோய் என்றால் என்னவென்று தெரியும். மழை நாளில் ஒரு தெளிப்பைத் தவறவிட்டால் இலையெல்லாம் கருகிப் பந்தல் எலும்புக்கூடாகிவிடும். அதற்கு போர்டோ கலவைதான் மருந்து. 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. கலவை பதமாக இருக்கிறதா என்று பார்க்க அரிவாளை ஒரு நிமிடம் நனைத்து எடுப்போம். இரும்பில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இதை நூற்றுக்கணக்கான தோட்டங்களில் செய்து காட்டியிருக்கிறேன். நல்ல மருந்து என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் விளம்பரத்தைப் பார்த்த அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஏக்கருக்கு 400 லிட்டர் அடித்தால் ஒரு தெளிப்புக்கு ஒரு கிலோ செம்பு மண்ணுக்குப் போகிறது. வருடத்துக்கு இரண்டு கவாத்து, கவாத்துக்கு நான்கு தெளிப்பு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 22 வருடத்தில் ஏக்கருக்கு 176 கிலோ. ஒரு ஏக்கரில் அரையடி ஆழத்து மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. ஆக, ஒரு கிலோ மண்ணில் ஏறத்தாழ 195 மில்லிகிராம் செம்பு நாங்களே சேர்த்திருக்கிறோம். சாதாரண மண்ணில் 30 மில்லிகிராம் அளவில் இருக்கும் பொருள் அது. கொடி எடுத்துக்கொண்டதும் மழையில் போனதும் கழிக்க வேண்டும்தான். அதிகம் கழியாது. செம்பு மேல்மண்ணை விட்டு எளிதில் நகராது.

வீடு கட்டப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். செம்புக்குப் பயந்து மனையை விட வேண்டியதில்லை. மண்புழு குறைவாக இருக்கும், சில செடிகள் சரியாக வராது, அவ்வளவுதான். என் கவலை வேறு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பி.ஹெச்.சி. என்ற பூச்சிக்கொல்லித் தூள் போகாத தோட்டமே இந்தப் பக்கம் இல்லை. நிலக்கடலையில் கம்பளிப்புழுவா, நெல்லில் கதிர் நாவாய்ப்பூச்சியா, தென்னங்குழியில் கரையானா, எல்லாவற்றுக்கும் பத்து சத தூள்தான். சாக்கை நிறுத்திக் கையாலேயே வாரித் தூவுவார்கள். முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டியிருக்க மாட்டார்கள். கட்டச் சொன்னேன் என்று நான் பொய் சொல்லவும் விரும்பவில்லை. அந்தத் தூளில் கலந்திருக்கும் பி.ஹெச்.சி.யிலேயே பூச்சியைக் கொல்லும் பகுதி நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குதான். மீதியெல்லாம் பூச்சிக்கும் உதவாமல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும். 1997இல் தடை செய்தார்கள். வேளாண்மையில் டி.டி.டி.க்கு அதற்கு முன்பே, 1989இல் தடை வந்துவிட்டது.

தடை வந்தபோது இதை இனி விற்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். மாப்பிள்ளையின் மோட்டார் கொட்டகைப் பரணில் அரை மூட்டையாக இரண்டு கிடந்தன. "இதை என்ன செய்யட்டும், மச்சான்?" என்று கேட்டார். "தொடாமல் வையுங்கள்" என்றேன். அதைத் தவிரச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. விற்காதே என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் மிச்சமிருப்பதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவரும் தொடவில்லை. இருபத்தைந்து வருடம் அவை அங்கேயே இருந்தன.

2022இல் மண்ணைச் சமப்படுத்த ஜே.சி.பி. வந்தது. எண்பதடிக் கிணறு, தண்ணீர் போய் வெகுநாளாகியிருந்தது. 2003 வறட்சியிலிருந்தே அது குப்பைக் கிணறுதான். தீர்ந்த மருந்துப் பாட்டில், டின், கிழிந்த தெளிப்பான் எல்லாம் அதற்குள்தான் போகும். ஓட்டுநர் முதலில் கல்தூண்களைத் தள்ளினார். பிறகு தோட்டத்து வீடான சாளையின் சுவர். பிறகு மோட்டார் கொட்டகை, பரணோடு சேர்த்து. எல்லாம் கிணற்றுக்குள் போயின. கொட்டகை சரிந்தபோது வெள்ளையாக ஒரு புழுதி எழுந்தது. சுண்ணாம்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வாசனை எனக்குத் தெரியும். தடை வரும்வரை இருபது வருடம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாசனை அது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரம் முடிந்துவிட்டது, பணமும் கைக்கு வந்துவிட்டது, இப்போது போய் எதையாவது கிளப்பி விடுவானேன் என்று வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மூடிய கிணற்றின் மேல் வீடு நிற்காது, தரை இறங்கும் என்பது மனை போடுகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த இடத்தை மனையாக விற்கவில்லை. மனைப்பிரிவில் பொது உபயோகத்துக்கு விட வேண்டிய பத்து சதவீத இடத்தை அங்கே ஒதுக்கிவிட்டார்கள். விளம்பரத்தில் இருக்கும் வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து, ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்து, 'குழந்தைகள் பூங்கா' என்று எழுதியிருக்கிறார்கள். கைக்குழந்தை மண்ணை அள்ளி வாயில் போடும் இடம். அதற்கு நாற்பதடி தள்ளி ஒருவர் வீட்டு வேலைக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார்.

மனைக்கு அனுமதி கொடுக்கும்போது இதை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை. துறையில் இப்போது பணியில் இருக்கும் ஒரு தம்பியிடம், விளைநிலத்தை மனையாக மாற்றும்போது நம் துறையில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். பயிர் இருக்கிறதா, பாசனம் இருக்கிறதா, பக்கத்து நிலத்தின் விவசாயம் கெடுமா என்பதைப் பார்த்து எழுதுவோம் என்றார். நீர்நிலைக்கு ஒரு சான்று, பாதைக்கு ஒன்று, மின்கம்பிக்கு ஒன்று. "மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களா?" என்றேன். "அதற்குக் கட்டமே இல்லை ஐயா" என்றார். வாங்குகிறவர்களும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள், வழக்கறிஞரிடம் கருத்து வாங்குகிறார்கள், வாஸ்துகூடப் பார்க்கிறார்கள். மூலையில் என்ன கொட்டிக் கிடந்தது என்று தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மண் பரிசோதனை செய்தாகிவிட்டது என்று மனை விற்பவர் ஓர் அட்டையைக் காட்டுகிறாராம். அது மண்வள அட்டை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கார அமில நிலை, நுண்ணூட்டங்கள் இவற்றைத்தான் அது சொல்லும். நெல்லுக்கு எவ்வளவு யூரியா போடலாம் என்பதற்கு உதவும். நஞ்செச்சம், அதாவது மண்ணில் தங்கிவிட்ட பூச்சிமருந்து பற்றி ஒரு வரி இருக்காது. அதில் செம்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது; பயிருக்குப் போதுமா, குறைவா என்று பார்ப்பதற்காக. மாப்பிள்ளையின் தோட்டத்து மண்ணைக் கொடுத்தால் 'போதுமானது' என்று வரும். வராமல் எங்கே போகும்?

மண் மாதிரி எடுக்கும் முறையிலும் ஒரு சங்கடம் உண்டு. வரப்போரம் எடுக்காதே, கிணற்றடியில் எடுக்காதே, எருக்குழி பக்கம் எடுக்காதே, மர நிழலில் எடுக்காதே, வயல் நடுவில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் குழி வெட்டி எடுத்து ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ அனுப்பு என்று தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தவன் நான். உரப் பரிந்துரைக்கு அது சரி. நஞ்சைத் தேடுவதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். எங்கே எடுக்காதே என்று சொன்னேனோ அங்கேதான் தோண்ட வேண்டும். மருந்து கலக்கிய கிணற்றடி, தெளிப்பானைக் கழுவிய வாய்க்கால் மடை, மூட்டை அடுக்கிய கொட்டகைத் தரை, ஆயில் இன்ஜின் நின்ற மேடை. ஒவ்வோர் இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் போட வேண்டும். ஒன்றாகக் கலந்தால் வயல் நடுவிலிருந்து வந்த நல்ல மண் கிணற்றடி மண்ணின் குற்றத்தை மறைத்துவிடும். நஞ்செச்சம் அளக்கும் ஆய்வகத்துக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. இங்கே கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது.

இது நடைமுறைக்கு ஒத்துவராத பேச்சு என்பார்கள். நியூசிலாந்தில் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிலத்தைப் பிரிப்பதற்கோ பயன்பாட்டை மாற்றுவதற்கோ முன்னால், முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்று ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் தொழிற்சாலைகளோடு பழத்தோட்டமும் காய்கறித் தோட்டமும் ஆட்டை மருந்தில் முக்கும் தொட்டியும் இருக்கின்றன. மருந்து தெளிப்பவர்களின் கொட்டகையைக்கூடத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களில் ஈய ஆர்சனேட் அடித்தது 1940களோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்தத் தோட்டங்கள் வீடும் பள்ளிக்கூடமும் ஆன பிறகும் ஈயமும் ஆர்சனிக்கும் மேல்மண்ணிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்று ஒன்றிய அரசு விதிகள் அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்தை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ கண்டுபிடித்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டுமாம். நல்லதுதான். ஆனால் ராணிப்பேட்டையில் மூடிய ரசாயன ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவுக் குவியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நான்கு ஏக்கர் திராட்சைத் தோட்டத்தின் மூடிய கிணறு யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

புதிதாக ஓர் அலுவலகமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டு வாரியாகப் பயிர் எழுதியிருக்கும். பசலி 1394இல், அதாவது 1984-85இல், அந்தப் புல எண்ணில் திராட்சை என்று இருந்தால், என்ன அடித்திருப்பார்கள் என்று என் வயதுள்ள எந்த வேளாண் அலுவலரும் சொல்லிவிடுவார். மனைப்பிரிவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அடங்கல் நகலையும், கிணறு, கொட்டகை, எருக்குழி எங்கெங்கே இருந்தன என்ற ஒரு கைவரைபடத்தையும், கிணற்றுக்குள் எதைப் போட்டு மூடினார்கள் என்று விற்பவர் கையெழுத்திட்ட ஒரு வரியையும் கேட்டால் போதும். அதைப் பார்த்துவிட்டு எந்த மூன்று இடத்தில் மண் எடுப்பது என்று முடிவு செய்யலாம். பெரும்பாலான நிலங்களில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் இரண்டடி மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவதோ பூங்காவை வேறு மூலைக்கு மாற்றுவதோ வீடு எழும்புவதற்கு முன்னால் முடிகிற வேலைதான்.

இதை எல்லாம் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மாப்பிள்ளை தோட்டத்தில் மருந்து அடித்த மூன்று பேரில் இருவர் இல்லை. மூன்றாமவர் பூலுவபட்டிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். கண் தெரியவில்லை. கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டதும் கையை நீட்டி, கிணற்றுக்குத் தென்மேற்கே, வேப்பமரத்திலிருந்து பதினோரு எட்டு என்றார். நான் அதை ஒரு வரைபடமாகக் குறித்துக்கொண்டு வந்தேன். வேப்பமரம் மட்டும் இன்னும் நிற்கிறது.

அந்த வரைபடத்தின் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறேன். பூங்காவில் ஊஞ்சல் நடுவதற்குள் யாராவது மண்ணை எடுத்துப் பார்க்கட்டும். இடத்தைக் காட்ட நான் வருகிறேன்.

என் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தங்கைக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர்,
கோயம்புத்தூர் மாவட்டம்.