யுன்னான் வைன் கட்டுரையில விட்டுப்போன ஊர்க்காரங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்புல சீனாவோட ஆவ் யுன் ரெட் வைன் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். பாட்டில் 300 டாலர்னு போட்டிருந்தீங்க, சரிதான். நான் குடிச்சதில்ல, அந்த விலைக்குக் குடிக்கவும் போறதில்ல, அது வேற விஷயம். ஆனா எல்விஎம்ஹெச்ங்கிற பிரெஞ்சு கம்பெனி ஆளே இல்லாத மலையில போய் தோட்டம் போட்ட மாதிரி எழுதினது கொஞ்சம் ஓவர் சார்.

அந்த இடம் யுன்னான் மாகாணத்துல தெச்சின் பக்கம், மீகாங் ஆறு இறங்கி வர்ற பள்ளத்தாக்கு, முழுக்க திபெத்திய கிராமங்க. 19ஆம் நூற்றாண்டுல அந்தப் பக்கம் வந்த பிரெஞ்சு பாதிரிமாருங்க பூசைக்கு வைன் வேணும்னு திராட்சை கொண்டுவந்து நட்டாங்க, ட்ஸிஜோங் ஊர்ல பழைய சர்ச்சும் பக்கத்துலயே கொடியும் இன்னைக்கும் இருக்கு. அப்புறம் 2000 வாக்குல அரசாங்கம் ஊக்குவிச்சு விவசாயிங்க கேபர்நே சாவிக்னான்ங்கிற சிவப்பு வைன் திராட்சை ரகத்தைப் போட்டாங்க. டோனி ஜோர்டான்னு ஒரு ஆஸ்திரேலிய வைன் நிபுணரை கம்பெனி அனுப்பி, அவர் சீனா பூரா வருஷக்கணக்கா அலைஞ்சு கடைசியில இங்க வந்து நின்னப்போ கொடியெல்லாம் ஏற்கனவே காய்ச்சுக்கிட்டு இருந்துச்சு, அதைத்தான் விவசாயிங்ககிட்ட இருந்து குத்தகைக்கு எடுத்தாங்க. முதல் அறுவடை 2013, கடைக்கு வந்தது 2016.

இன்னொண்ணு, உயரம் உயரம்னே நாலு இடத்துல சொல்றீங்க. 2200ல இருந்து 2600 மீட்டர், உண்மைதான், அந்த இடம் கிட்டத்தட்ட டெல்லிக்கு நேரான அட்சரேகையில இருக்கு, அந்த உயரம் இல்லேன்னா வெயில் தாங்காது. ஆனா விசேஷம் மலையோட நிழல்ல இருக்கு. சுத்தி 6000 மீட்டர் தாண்டின மலைங்க நிக்கிறதால காலையில சூரியன் லேட்டா எட்டிப்பாக்கும், சாயங்காலம் சீக்கிரமே மறைஞ்சிரும், அதனால பழம் மெதுவா, பிரான்ஸ்ல வைனுக்குப் பேர்போன போர்தோ பகுதியை விட ரொம்ப நாள் எடுத்துப் பழுக்குது. வெயில் படுற கொஞ்ச நேரமும் புற ஊதா கதிர் ஜாஸ்தி, தோல் தடிமனாகிரும், நிறமும் துவர்ப்பும் அங்கதான் இருக்கு. மழையையும் மலை தடுத்துடுது, அதனால பூஞ்சை நோய் கம்மி.

இந்த வைன் பிளெண்டு, அதாவது பல திராட்சை ரகம் கலந்ததுங்கிறதை ஒரே வரியில முடிச்சிட்டீங்க. ஆரம்பத்துல பெரும்பங்கு கேபர்நே சாவிக்னான், கூட கொஞ்சம் கேபர்நே ஃப்ரான்க், பின்னாடி மெர்லோ, சிரா எல்லாம் சேர்ந்துச்சு. ஆனா ரகத்தை விட ஊருங்களோட கலப்புதான் இதுல பெருசுன்னு எனக்குத் தோணுது. நாலு ஊரு, ஒவ்வொண்ணுக்கும் வேற உயரம், வேற வெயில், அறுவடையே ஒண்ணா வராது. மொத்தம் 28 ஹெக்டேர்தான், அதுவும் 300க்கும் மேல துண்டு துண்டா படிக்கட்டு வயலு, டிராக்டர் ஏறாது, கவாத்து பண்றதுல இருந்து பறிக்கிற வரைக்கும் அந்தக் குடும்பங்களோட கைதான். இப்ப கம்பெனியே ஊர் பேர் போட்டு தனித்தனி பாட்டிலும் விக்கிது, உங்க கட்டுரையில மட்டும் ஒரு ஊர் பேரும் காணோம்.

திருத்தம் போடுறதா இருந்தா அந்தப் பேருங்களையாவது போடுங்க சார்: ஆதோங், ஷிதாங், ஸினோங், ஷுவோரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்