நாஷ்வில்லில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் அமெரிக்க கிராமத்து வெள்ளையர் வளர்த்த கன்ட்ரி பாட்டுத்தான், அலுத்துவிட்டது என்று போனில் சொன்னாய். சரி, ஒரு கன்ட்ரி பாட்டை வேறு குரலில் கேட்டுப் பார். ஹார்லன் ஹோவர்ட் எழுதி, பாட்ஸி கிளைன் பாடிய 'ஹீ கால்டு மீ பேபி'. அதையே 1969-இல் எலா வாஷிங்டன் என்ற கறுப்பினப் பாடகி பாடியிருக்கிறார். பாட்ஸி பாடும்போது எனக்குப் பாவமாக இருக்கும். எலா பாடும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

கறுப்பர் இசைக்கென்று அமெரிக்காவில் இருந்த ஆர் அண்ட் பி வெற்றிப் பட்டியலில் எலாவின் பாட்டு 38-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் அதே ஆண்டு, அதே சவுண்ட் ஸ்டேஜ் 7 என்ற ரெகார்டு கம்பெனி லேபிளில், அதே ஹோவர்ட் எழுதிய 'தி சோக்கின் கைண்ட்' பாட்டுக்கு ஜோ சைமன் முதலிடமும் கிராமி விருதும் வாங்கினார். இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே: ஜான் ரிச்பர்க். அப்படி இருந்தும் எலாவை இன்று யாருக்குத் தெரியும்?

இந்த ரிச்பர்க்கைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். உன் ஊர் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலியில் 'ஜான் ஆர்' என்ற பெயரில் இரவில் பாட்டுப் போட்டவர். தென் கரோலினாவில் பிறந்த வெள்ளையர். கரகரத்த குரலையும் பேச்சையும் கேட்டு, அவர் கறுப்பர் என்றே பலர் நினைத்திருந்தார்கள். நிலையத்துக்கு 50,000 வாட் சக்தி. மீடியம் வேவ் ஆனதால் இருட்டிய பிறகு அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். பள்ளிக்கூடம், பஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலத்தில், கறுப்பர் பாட்டு இப்படி ராத்திரியில் வெள்ளைப் பிள்ளைகளின் அறைக்குள்ளும் போனது. நடுநடுவே தலைக்குத் தடவும் பொமேட், தபாலில் வரும் கோழிக்குஞ்சு என்று விளம்பரங்கள் வேறு!

அவரைத் துறவி என்று நினைத்துவிடாதே. கறுப்பினப் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் முதல் வெற்றிப் பாட்டுக்கு அவருக்குப் பதிப்புரிமையில் பங்கு கிடைத்தது. அவரும் அந்தப் பாட்டை வானொலியில் மாதக்கணக்கில் விடாமல் போட்டார். இது பக்தியா, வியாபாரமா? இரண்டும்தான் என்பேன். ஆனால் வெறும் வியாபாரி ஜோ சைமன் ஒருவரே போதும் என்று இருந்திருப்பார். இவர் எலாவுக்கும் ரெகார்டு போட்டார்.

1973-இல் நிலையம் போக்கை மாற்றியபோது ஜான் ஆர் விலகிவிட்டார். 1985-இல் அவருடைய மருத்துவச் செலவுக்காக பி.பி. கிங், ஜேம்ஸ் பிரவுன் போன்ற பெரிய கறுப்பினப் பாடகர்கள் வந்து பாடினார்கள். எங்கே தெரியுமா? நீ அலுத்துக்கொள்ளும் கன்ட்ரியின் கோயிலான கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில். அடுத்த ஆண்டு ஜான் ஆர் காலமானார்.

பிராட்வேயில் ஆப்பிரிக்க அமெரிக்க இசை அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் போய்விட்டு வா. அப்புறம், பழைய ரெகார்டு கடை எதிலாவது சவுண்ட் ஸ்டேஜ் 7 லேபிளில் எலா பெயர் தென்பட்டால் விலை விசாரித்துச் சொல். ரொம்ப அதிகம் என்றால் விட்டுவிடு, நான் யூடியூபிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா