தனுஷ்கோடியில் ரத்தக்காட்டேரியை இறக்கும் எழுத்தாளர்களுக்கு

பேய்க்கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாக உங்கள் கதைகளில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறான். ரத்தம் குடிப்பவன், ஆனால் மனிதரைத் தொடமாட்டான். பேய், பிசாசு, மோகினி என்று மற்றதையெல்லாம் வேட்டையாடி ஊரைக் காப்பான். கதை நடக்கிற இடம் தனுஷ்கோடி. அந்த இடிந்த தேவாலயம் இல்லாமல் ஒரு கதையும் இல்லை. சரி, ஆளை எனக்கும் பிடிக்கிறது. பசியை அடக்கிக்கொண்டு காவல் நிற்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் அவன் யாரை வெட்டுகிறான் என்று பார்த்தேன். புயலில் செத்தவர்களின் ஆவிகளை.

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் வந்தவர்கள் பிழைக்கவில்லை. ஊரும் போனது. பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தத் தீவில் இன்னும் இருக்கிறோம். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரையில் வந்து பாருங்கள். எங்கெங்கிருந்தோ வந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டம் வைத்து, செத்தவர்களை வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். சோறு வைத்துக் கூப்பிடுகிற அதே தீவின் கடற்கரையில் நீங்கள் வாளோடு ஒருவனை நிறுத்துகிறீர்கள்.

வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதைப் பேய் நகரம் ஆக்கியது எழுதுகிறவர்கள்தான். கிடுகு வேய்ந்த குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே வலை உலர்த்துகின்றன. மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும் இடம் அது. (உங்கள் நாயகன் பகலில் படுக்கச் சவப்பெட்டியைப் புதைக்கிறானே, அது சாயங்காலத்துக்குள் மிதந்துவிடும்.)

இன்னொன்று. ரத்தக்காட்டேரி என்று எழுதுகிறீர்கள், அந்தக் காட்டேரியை மட்டும் மறந்துவிடுகிறீர்கள். பிள்ளைத்தாய்ச்சி இருட்டில் வெளியே போனால் கையில் இரும்புத் துண்டும் வேப்பிலையும் கொடுத்து அனுப்புவாள் எங்கள் அப்பத்தா. காட்டேரிக்குப் பயந்துதான். ஆனால் அதே காட்டேரிக்குப் படையல் போட்டு, அம்மனாக வைத்துக் கும்பிடுகிறவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. பொல்லாததை அடித்து விரட்டுவது ஒரு வழி. சத்தியம் வாங்கி, எல்லையில் நிறுத்தி, கிடாயும் சுருட்டும் கொடுத்துக் காவலுக்கு வைப்பது நம்ம வழி. ரத்தம் குடிக்கிற காவல்காரியைத் தேடி ஐரோப்பாவரை போகவேண்டியதே இல்லை. அவளுக்குப் பூண்டும் சிலுவையும் தெரியாது, ஆனால் கொடுத்த சத்தியத்தை மீறமாட்டாள். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வேட்டைக்கு ஆள் வேண்டுமென்றால் கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கிறது. இரவில் நாட்டுப்படகில் போகிறவர்களுக்குத் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும், கரை என்று நினைத்துத் திருப்புவார்கள். அங்கே அந்தக் காட்டேரியை நிறுத்துங்கள், நானே முதல் ஆளாக வாசிக்கிறேன்.

அந்த ரயில் கதையில் வந்தே ஆகவேண்டும் என்றால், அவள் தண்டவாளத்தின் ஓரமாகக் கூடவே ஓடட்டும். அன்று ஒரு நாளாவது வண்டி தனுஷ்கோடி நிலையத்தில் போய் நிற்கட்டும்.

இப்படிக்கு,
பாம்பன்காரன் ஒருவன்